பரமேஸ்வராவின் சருகுமானா, பாட்டியின் சிவப்பு ஐசியா?

பள்ளி திறக்கிற சமயம் வந்தால் போதும், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சந்தையில் காய் வாங்கிக்கொண்டு நிற்கும்போதே யாராவது ஒரு அம்மா பிடித்துக்கொள்வார். "டீச்சர், வரலாறுக்கு எந்தப் பயிற்சி நூல் நல்லாருக்கு?" நான் டீச்சர் இல்லை. பகலில் ஒரு கிளினிக்கில் கணக்கெழுதுகிறேன், சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தை ஒட்டிய அறையில் பதினோரு பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம் வாசிப்பு வகுப்பு நடத்துகிறேன், அவ்வளவுதான். பிள்ளைகள் ஏழிலிருந்து ஒன்பது வயது. அதில் பாதிப் பேரின் தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்து, தோட்டத்திலேயே வேலை செய்து, பிறகு டவுன் ஓரத்துத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்தவர்கள்.

அந்த அம்மாக்களின் கவலை எனக்குப் புரிகிறது. 2014லிருந்து தொடக்கப்பள்ளியில் நான்காம் ஆண்டு (பத்து வயது) முதல் வரலாறு தனிப் பாடம். 2013லிருந்து வரலாற்றில் தேர்ச்சி இல்லாமல் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) சான்றிதழ் கிடையாது. அப்படியானால் இரண்டாம் ஆண்டிலேயே ஏதாவது தொடங்கிவிடலாமே என்று நினைப்பது இயல்புதான். தமிழ் வாசிப்பும் வளரும், வரலாறும் ஏறும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனால் எந்தக் கல் என்பதில்தான் சிக்கல். மூன்று வருடத்தில் நான்கு விதமாக முயன்று பார்த்துவிட்டேன்: கடையில் விற்கிற கருத்துணர்தல் (பத்தியை வாசித்து விடை எழுதுகிற) பயிற்சி நூல், கதையாக வாசிப்பது, நானே எழுதுகிற சிறு பத்தி, வீட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவருகிற பழைய பொருளும் பாட்டியின் பேச்சும். நான்கும் ஒன்றல்ல, விலையும் ஒன்றல்ல, எல்லா வயதுக்கும் எல்லாம் ஒத்துவரவும் இல்லை.

முதலில் ஒரு சின்னக் குறும்பைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி நூலைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்த புதிதில், ஒரு சனிக்கிழமை நானே ஒரு பத்தியை எழுதிப் படியெடுத்துக் கொடுத்தேன். இதுதான் பத்தி: "1733ஆம் ஆண்டில் துங்கான் மிளவியைச் சொரட்டினான். மிளவி மிகவும் வண்டிசமாக இருந்ததால் அவனுக்கு ஏழு பித்தளிகள் கிடைத்தன." கீழே மூன்று கேள்வி. மிளவியைச் சொரட்டியவர் யார்? எந்த ஆண்டில் சொரட்டினார்? துங்கானுக்கு ஏன் ஏழு பித்தளிகள் கிடைத்தன?

பதினோரு பேரும் மூன்றுக்கு மூன்று. அழகான கையெழுத்தில், முழு வாக்கியத்தில். "மிளவி மிகவும் வண்டிசமாக இருந்ததால் அவனுக்கு ஏழு பித்தளிகள் கிடைத்தன." தாளை வாங்கும்போது ஒரே ஒரு பையன் மட்டும் மெதுவாகக் கேட்டான், "மிளவின்னா என்னா டீச்சர்?" அப்படி ஒரு சொல்லே கிடையாது, நானாகக் கட்டியது. மற்ற பத்துப் பேருக்கும் அந்தக் கேள்வியே வரவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, கருத்துணர்தல் என்றால் கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடி அந்த வரியை எடுத்து எழுதுவது என்றுதான் அவர்களுக்குப் பழக்கியிருக்கிறோம்.

தமிழில் இது இன்னும் சுலபம் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கேள்வியின் கடைசிச் சொல் அநேகமாகப் பத்தியிலும் கடைசிச் சொல்லாக அப்படியே நிற்கும். "கன்றுகள் எங்கே நடப்பட்டன" என்று கேட்டால் "நடப்பட்டன" என்று முடிகிற வரியைத் தேடினால் போதும், "எங்கே" இருந்த இடத்தில் அங்கே இருக்கிற ஊர்ப் பெயரைப் போட்டுவிடலாம். பத்தியில் "நடப்பட்டன" என்றிருக்கும்போது கேள்வியை "நட்டதால் யாருக்கு லாபம்" என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள், வகுப்பே பென்சிலைக் கடிக்கும்.

அதற்காகப் பயிற்சி நூலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. வேலை முடிந்து ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிற அம்மாவுக்கு அதில் வசதி உண்டு. பாடத்திட்டத்தின் வரிசைப்படி இருக்கிறது, விடை பின்னால் இருக்கிறது, பிள்ளை தனியாக உட்கார்ந்து செய்யும், பள்ளித் தேர்வுத் தாளின் முகம் பழகிவிடும். நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கு இது வேண்டியதுதான். ஏழு வயதுக்குத்தான் வேண்டாம் என்கிறேன். இன்னொன்று, அச்சில் இருப்பதெல்லாம் சரி என்றும் நம்பிவிட முடியாது. நான் வாங்கிய ஒரு நூலில் (பெயர் வேண்டாம்) ரப்பர் கன்றுகள் பிரேசிலிலிருந்து நேராகக் கப்பலில் மலாயாவுக்கு வந்து இறங்கிவிட்டன. நடுவில் இருந்த லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தைக் காணோம். அது சின்ன விஷயம் இல்லையா என்று கேட்டால், எனக்கு அதுதான் கதையே என்று தோன்றும். வெள்ளைக்காரன் ஒரு நாட்டு விதையை இன்னொரு நாட்டில் முளைக்கவைத்து மூன்றாவது நாட்டில் நட்டு, நான்காவது நாட்டு ஆளைக் கூட்டிவந்து வேலை வாங்கியிருக்கிறான், அதில் ஒரு கண்ணியைக் கழற்றிவிட்டால் மிச்சம் என்ன?

பயிற்சி நூல்தான் கையில் இருக்கிறது, வேறு வழியில்லை என்றால் அதை வைத்தும் கொஞ்சம் செய்யலாம். பத்தியை வாசிக்க வைத்த பிறகு ஒரு காகிதத்தால் மூடிவிடுங்கள், கேள்வியை வாயால் கேளுங்கள். அப்புறம் பத்தியின் கடைசி வாக்கியத்தை முன்பே மறைத்துவிட்டு, "அடுத்து என்ன நடந்திருக்கும், ஏன் அப்படி நினைக்கிற?" என்று கேட்கலாம். என் வகுப்பில் இந்த மறைப்பு வித்தைக்குப் பழைய காலண்டர் அட்டை போதுமானதாக இருந்தது.

இரண்டாவது கதை. எல்லாரும் ஆரம்பிப்பது மலாக்காவை நிறுவிய அரசர் பரமேஸ்வராவிடம்தான், நானும் அப்படித்தான். 1400 வாக்கில் பரமேஸ்வரா ஆற்றங்கரையில் ஒரு மரத்தடியில் இளைப்பாறுகிறார், அவருடைய வேட்டை நாயை ஒரு சின்னச் சருகுமான் உதைத்து ஆற்றில் தள்ளிவிடுகிறது, இந்த மண்ணில் சருகுமானுக்கே இவ்வளவு வீரமா என்று வியந்து அங்கேயே நகரம் எழுப்புகிறார், சாய்ந்திருந்த மரத்தின் பெயரையே ஊருக்கும் வைக்கிறார். மலாக்கா மரம் என்பது நம்முடைய நெல்லி மரம்தான் என்று சொல்லி, உப்பில் ஊறவைத்த நெல்லிக்காயை ஆளுக்கொன்று கொடுத்தேன். அன்றைக்கு வகுப்பு முழுக்கப் புளித்த முகங்கள். ஆனால் ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் மலாக்கா என்றால் நெல்லிக்காய் என்று சொல்கிறார்கள். கதைக்கு இந்தப் பலம் உண்டு, ஒட்டிக்கொள்ளும். வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைகூட அடுத்து என்ன ஆகும் என்ற ஆவலில் எழுத்தைத் துரத்திக்கொண்டு போகும், "பாய்ந்தது", "வியந்தார்" போன்ற எழுத்துத் தமிழ்ச் சொற்கள் கதையின் வேகத்தில் தானாகவே விளங்கிவிடும்.

ஆனால் கதை எல்லாவற்றையும் ஒரே நிறமாகப் பூசிவிடும். அவர்களுக்குப் பரமேஸ்வராவும் மாயாவியும் ஒரே அலமாரியில் இருக்கிறார்கள். அதனால் கதை முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பேன், "இதை யார் பார்த்தது?" முதல் முறை கேட்டபோது முன் வரிசையில் இருந்த சின்னவள் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள், "நாய்தான் பாத்துச்சு." சரி, நாய் யாரிடம் சொன்னது? சிரித்து முடித்த பிறகு, இந்தக் கதை இன்று நாம் வாசிக்கும் வடிவில் எழுதப்பட்டது பரமேஸ்வராவுக்கு ஏறக்குறைய இருநூறு வருடம் கழித்துத்தான் என்று சொன்னேன். இருநூறு வருடம் என்றால் என்ன என்று ஏழு வயதுக்கு எப்படிச் சொல்வது? சுவரில் ஒரு நைலான் கயிறு கட்டியிருக்கிறேன், துணி காயப்போடுகிற கிளிப் ஒன்றுக்குப் பத்து வருடம். பிள்ளைகள் பிறந்தது முதல் கிளிப்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அப்பா நான்காவது கிளிப். பாட்டி எட்டாவது கிளிப். பரமேஸ்வராவை மாட்ட வேண்டுமென்றால் கயிறு அறையைத் தாண்டி, செருப்பு விடுகிற இடத்தையும் தாண்டி, கோயில் வாசல் வரைக்கும் போகிறது. ஒரு பையன் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிப்போய் "டீச்சர், பரமேஸ்வரா வெயில்ல நிக்கிறாரு" என்று கத்தினான். எனக்கு அந்த நாள் போதும்.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்தது, உழைப்பும் அதிகம்: நாமே எழுதுகிற பத்தி. ஊர்ப் பக்கத்து விஷயம், எட்டுப் பத்து வாக்கியம், பிள்ளைக்குத் தெரிந்த சொல் எட்டு இருந்தால் தெரியாத சொல் ஒன்று. நான் எழுதிய முதல் உருப்படியான பத்தி இது:

"1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். பெரும்பாலான விதைகள் முளைக்கவில்லை. முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அங்கே அப்போது ஹியூ லோ என்ற வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் கோலகங்சாரில் நிற்கிறது. நம் ஊரிலிருந்து காரில் போனால் அரை மணி நேரம்தான்."

கேள்விகள்: 70,000 விதை கொண்டுபோனவர் ஏன் அவ்வளவு கொண்டுபோனார்? கன்றுகள் பிரேசிலிலிருந்து கோலகங்சார் வருவதற்குள் எத்தனை இடம் பார்த்தன? 22இல் 9 இங்கே வந்தது, மீதி 13 எங்கே? கடைசிக் கேள்விக்கு விடை பத்தியில் இல்லை, வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன். கால் மணி நேரம் பத்தியை மேலும் கீழும் தேடிவிட்டு ஒருத்தி ஏதோ குற்றம் செய்தவள் மாதிரி, "டீச்சர், இதுல எழுதலலா" என்றாள். அதுதான் விடை என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு பத்திக்கும் "இதில் எழுதாதது என்ன?" என்று ஒரு கேள்வி கட்டாயம், பிள்ளைகளே அதற்காகக் காத்திருக்கிறார்கள்.

ஊர்ப் பக்கத்து விஷயம் ஏன் என்பதற்கு, வாசிப்பைப் பற்றிப் படிக்கிறவர்கள் அடிக்கடி சுட்டுகிற ஒரு பழைய ஆய்வு உண்டு. 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 64 மாணவர்களுக்குப் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் மட்டமாக இருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட அதிகமாகப் புரிந்துகொண்டார்கள். வாசிப்புத் திறன் என்று தனியாக ஒன்று மூளையில் உட்கார்ந்திருக்கவில்லை, என்ன தெரியும் என்பதில்தான் பாதி இருக்கிறது. நம் பிள்ளைக்குப் பால்காட்டை, அதாவது ரப்பர் தோட்டத்தைப் பற்றி நான்கு விஷயம் காதில் விழுந்திருக்கும், எகிப்தைப் பற்றி ஒன்றும் விழுந்திருக்காது.

விழுந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். அங்கேதான் எனக்கு அடி விழுந்தது. அடுத்த பத்தியில் "பாட்டி விடியற்காலையில் எழுந்து மரம் வெட்டப் போனார்" என்று எழுதியிருந்தேன். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, நாங்கள் வளர்ந்தது அந்தச் சொல்லோடுதான், மரம் வெட்டுவது என்றால் பால் சீவுவது. படம் வரையச் சொன்னேன். எட்டுப் பேர் கோடாரி வரைந்திருந்தார்கள். ஒருவன் மின்சார ரம்பம். பாட்டி கையில் ரம்பம், பக்கத்தில் விழுந்து கிடக்கிற மரம், மேலே சிரிக்கிற சூரியன். இந்தப் பிள்ளைகள் கண் திறந்ததிலிருந்து பார்ப்பது செம்பனைதான் (பாமாயில் மரம்), ரப்பர் இல்லை. பால் வடிகிற மங்கு, பட்டை சீவுகிற உளி, பால் சுமக்கிற காண்டா வாளி, காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால், காலையில் பெயர் கூப்பிடுகிற பிரட்டு எதுவும் தெரியாது. வேலை நேரத்தில் பிள்ளைகளை விடுகிற ஆயாக் கொட்டகை என்றால் பேய்க் கதை என்று நினைத்தார்கள். நமக்கு நேற்று இருந்தது அவர்களுக்குப் பரமேஸ்வராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அந்தக் கோடாரிப் படங்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அதையே பாடமாக்கினேன். மரத்தையே வெட்டினால் மறுநாள் பால் எங்கிருந்து வரும்? சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் இருந்த ஹென்றி ரிட்லி என்பவர் மரம் சாகாமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவிப் பால் எடுக்கிற முறையைக் கொண்டுவந்தார், அதனால்தான் ஒரே மரம் பல வருடம் பால் கொடுத்தது என்று இரண்டு வரி. ஒரு பிள்ளையின் தாத்தா உளியைக் கொண்டுவந்து வாசலில் இருந்த வாழைமட்டையில் சீவிக் காட்டினார், சாய்வாக, ஒரே இழுப்பில். "ரொம்ப ஆழமாப் போனா மரத்துக்குக் காயம், கங்காணி ஏசுவாரு" என்றார். அதன் பிறகு அந்தப் பத்தியை மறுபடியும் வாசித்தபோது யாரும் எங்கேயும் தடுமாறவில்லை.

இந்த வழியின் விலை என்ன? பணமாகப் பார்த்தால் ஒரு தாளுக்குப் பத்துக் காசு, பதினோரு பிள்ளைக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) பத்துக் காசு. நேரமாகப் பார்த்தால் ஒரு பத்திக்கு எனக்கு இரண்டு இரவு போகிறது, எழுதுவதைவிடச் சரிபார்ப்பதற்குத்தான் அதிகம். நானும் தப்புப் பண்ணியிருக்கிறேன். முதல் வரைவில் ஹியூ லோவே பிரேசிலுக்குப் போய் விதை எடுத்துவந்ததாக எழுதிவிட்டு, படியெடுப்பதற்கு முந்தின இரவு பார்த்துத் திருத்தினேன். பயிற்சி நூல்காரரைக் குறை சொன்ன வாய்தான் இது. ஒரு பத்திக்கு இரண்டு இடத்திலாவது சரிபார்க்க முடியாதவர்கள் இதில் இறங்க வேண்டாம், கதையோடு நிறுத்திக்கொள்ளலாம், கதையில் தப்பு நடந்தாலும் அது கதை என்று சொல்லித்தானே வாசிக்கிறோம்.

நான்காவது வழிக்கு வருகிறேன். வீட்டிலிருந்து ஒரு பழைய பொருள். இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை, ஒரு பையன் அவன் பாட்டியின் பழைய சிவப்பு ஐசியின் (அடையாள அட்டையின்) நகலை எடுத்துவந்தான், அவ்வளவுதான். ஐசியில் என்ன இருக்கிறது? பெயர், எண், பிறந்த தேதி, முகவரி. வாசிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அன்றைக்கு வந்த கேள்வி அளவுக்கு எந்தப் பத்திக்கும் வந்ததில்லை. ஏன் சிவப்பு, அம்மாவோடது நீலமாச்சே? நீலம் குடியுரிமை உள்ளவர்களுக்கு, சிவப்பு நிரந்தரமாகத் தங்க அனுமதி மட்டும் உள்ளவர்களுக்கு என்று சொன்னேன். "எங்க பாட்டி இங்கதான் பொறந்தாங்க" என்றான் அவன். தோட்டத்தில் பிறந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாமலும், எந்தத் தேதிக்குள் எங்கே போய்ப் பதிய வேண்டும் என்று தெரியாமலும் விட்டுப்போனவர்கள் நிறைய உண்டு. எட்டு வயதுக்கு அதை எவ்வளவு சொல்வது? "பேப்பர் இல்லாததால் பாட்டி யார் என்று அரசாங்கத்துக்குத் தெரியவில்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன். ஒரு பெண் உடனே, "பாட்டியையே கேட்டிருக்கலாமே" என்றாள்.

பாட்டியைக் கேட்பதையே அடுத்த மாதம் பாடமாக வைத்துக்கொண்டோம். வீட்டில் ஒரு கேள்வி கேட்டு, பாட்டி சொல்வதைக் கைப்பேசியில் பதிந்து வர வேண்டும். நான் அதைப் பாட்டி பேசினபடியே தட்டெழுதிக் கொடுப்பேன், வகுப்பில் எல்லாரும் வாசிப்பார்கள். "நாலரைக்கு எழும்பி, புள்ளைய ஆயாக் கொட்டாயில விட்டுட்டு, பிரட்டுக்குப் போவணும், லேட்டா போனா அன்னிக்கு வேலை இல்ல" என்று பேச்சுத் தமிழில் இருப்பதால் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைதான் இதில் முன்னால் நிற்கிறான், காதில் கேட்டது கண்ணில் தெரிகிறது. பிறகு அதையே எழுத்துத் தமிழுக்கு மாற்றி எழுதச் சொல்லலாம், இலக்கணமும் நடந்துவிடும்.

இதில் எதிர்பாராமல் கிடைத்த பெரிய லாபம் ஒன்று. ஒரே தோட்டத்து இரண்டு பாட்டிகள், ஒருவர் லயத்துக்குக் கரண்டு வந்தபோது மூத்த மகள் கைக்குழந்தை என்கிறார், இன்னொருவர் அந்தப் பெண் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள் என்கிறார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் சொல்வது சரி என்று கேட்டேன். முதலில் அவரவர் பாட்டிக்கு ஓட்டுப் போட்டார்கள். அப்புறம் ஒருவன், ரெண்டு பாட்டியும் ஒரே லயமா என்று கேட்டான். விசாரித்தால், ஒருவர் மேல் லயம், ஒருவர் ஆற்றோரத்து லயம். பெரிய படிப்புப் படித்தவர்கள் ஆவணத்தை வைத்துக்கொண்டு செய்கிற வேலையை இந்த எட்டு வயது ஆள் செருப்புக்கூடப் போடாமல் செய்துவிட்டான்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. எல்லா வீட்டிலும் பாட்டி இல்லை, இருக்கிற பாட்டி எல்லாரும் பேசவும் மாட்டார்கள். சில கதைகள் சின்னப் பிள்ளைக்கு ஆகாது. சயாம் ரயில் (தாய்லாந்து, பர்மா தண்டவாளம்) பற்றி ஒரு முறை அவசரப்பட்டுப் பத்தி எழுதினேன்: 1942, 43இல் ஜப்பான்காரன் 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டது, தோட்டங்களிலிருந்து தமிழர்களை அள்ளிக்கொண்டு போனது, போனவர்களில் ஏராளமானோர் திரும்பாதது. கொடூரமாக எதையும் எழுதவில்லை, ஆனாலும் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று, அப்பா ஈப்போவுக்கு ரயிலில் போகக் கூடாது என்று இரவெல்லாம் அழுதிருக்கிறது. அம்மா மறுநாள் வந்து என்னைக் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. அதேபோல்தான் 1948 ஜூன் 16, இந்த ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுடப்பட்டு மலாயாவில் அவசரகாலம் வந்தது. சுங்கை சிப்புட்டின் பெயர் உலக வரலாற்றில் ஏறியதே அந்த நாளில்தான், இருந்தாலும் பத்து வயதுக்கு முன் நான் அதைத் தொடுவதில்லை.

இடையில் கைப்பேசிச் செயலிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். நான்கு விடையில் ஒன்றைத் தட்டுகிற ஆட்டம் அது. நாள், பெயர் நினைவில் நிற்கும், வாசிப்பு வளராது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மலாயில் செய்யலாமா, இடைநிலைப்பள்ளியில் மலாயில்தானே வரப்போகிறது என்று சில அப்பாக்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நான் ஒன்பது வயது வரை தமிழிலேயே வாசிக்க வைக்கிறேன், முக்கியமான ஐந்தாறு சொல்லை மட்டும் மலாயில் பக்கத்தில் எழுதிவைக்கிறேன், ரப்பருக்கு கெத்தா, வரலாறுக்கு செஜாரா, அப்படி. பாட்டி மலாயில் பேசினால் அந்தத் தாளை மலாயிலேயே வாசிப்போம், அப்படியும் ஒரு பாட்டி இருக்கிறார்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? உங்கள் பிள்ளைக்கு ஏழு வயது என்றால் கதையும் வீட்டுப் பொருளும் போதும், எழுத்துக் கேள்வியே வேண்டாம், வாயால் கேளுங்கள். பயிற்சி நூலுக்குச் செலவழிக்கிற காசில் கோலகங்சாருக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய் அந்த மரத்தைக் காட்டலாம், வரும் வழியில் லக்சாவும் சாப்பிடலாம். எட்டு ஒன்பது வயதுக்கு ஊர்ப் பத்தி, இரண்டு வாரத்துக்கு ஒன்று, அதைவிட அதிகம் எழுத உங்களால் முடியாது, எழுதினாலும் சரிபார்க்க மாட்டீர்கள். இரண்டு மூன்று அம்மாக்கள் சேர்ந்தால் ஆளுக்கொன்று எழுதிப் பகிர்ந்துகொள்ளலாம். நான்காம் ஆண்டு வந்ததும் பயிற்சி நூல் வாங்குங்கள், காலண்டர் அட்டையோடு. ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்கிறவர்களுக்கு என் பதில் பாட்டிதான், அவரை இன்னும் பத்து வருடம் கழித்துக் கேட்கலாம் என்று தள்ளிப்போட முடியாதே. இதில் என்னோடு ஒத்துப்போகாத ஆசிரியர்கள் உண்டு, தேர்வு எழுதப்போவது பிள்ளைதானே பாட்டி இல்லையே என்பார்கள். அவர்கள் கையில் நாற்பது பிள்ளை, என் கையில் பதினொன்று, அந்த வித்தியாசத்தையும் மறக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமைக்கு துன் சம்பந்தன் பத்தி தயார். சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்தவர், மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்தவர், பிள்ளைகளுக்கு அவர் பெயர் சாலைப் பலகையாகத்தான் தெரியும். வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்து தோட்டத்தையே வாங்கலாம் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, அடுத்த வருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது, இவ்வளவுதான் பத்தி. கேள்வியில் ஒன்று, அந்தக் காலத்தில் பத்து வெள்ளி பெரிய காசா சின்னக் காசா? பத்தியில் விடை இல்லை. பின் வரிசைப் பையனின் பாட்டி, பிஸ்கட் டின்னில் பழைய பங்குத் தாள் ஒன்று இருப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார், தேடிக் கிடைத்தால் அவரே எடுத்துக்கொண்டு வருவாராம், ஒன்பது மணிக்கு பஸ் இருக்காது, யாராவது காரில் கூட்டிவர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.